மனமும் மூளையும் – 7: சர்ப்பகந்தாவின் வேரும் முயலின் காதும்

சர்ப்பகந்தா அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த குறுஞ்செடி. பெரும்பாலும் இடுப்பளவுக்குமேல் வளராது. இமயமலை அடிவாரம், அசாம், மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை, பர்மா, ஜாவா எனப் பரந்த நிலப்பரப்பில் மரநிழலும் ஈரமும் உள்ள மண்ணில் முளைக்கிறது. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கொத்து, நல்ல சிவப்பில் பூக்காம்பு, பழுத்தால் கறுத்துவிடும் சிறு காய்கள். மருந்துக்கு ஆவது மண்ணுக்குள் நெளிந்து ஓடும் வேர்தான். அதன் பட்டை கடும் கசப்பு. தமிழில் சர்ப்பகந்தி, சிவன் அமல்பொடி என்றும் இதைச் சொல்வதுண்டு. பாம்புக்கடி, தேள்கடி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எனப் பலவற்றுக்கும் நாட்டு வைத்தியர்கள் இதைக் கொடுத்துவந்தார்கள். பீகாரின் கடைத்தெருக்களில் இதற்கு 'பாகல் கீ தவா' என்று பெயர். பைத்தியத்துக்கு மருந்து என்று பொருள். அழுது அடம்பிடிக்கும் குழந்தையைத் தூங்கவைக்கவும் அங்குள்ள தாய்மார்கள் இந்த வேரைத் துளி உரைத்துக் கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது.

மனநோய் என்பது மூளையின் நோய் என்ற கருத்து புதிதல்ல. ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் கிரீசிங்கர் 1845-லேயே அதை அழுத்தமாக எழுதிவிட்டார். ஆனால் அதற்கு அடுத்த நூறு ஆண்டுகளில், மூளைக்குள் எந்தப் பொருள் கூடினால் அல்லது குறைந்தால் மனம் தடுமாறுகிறது என்ற எளிய கேள்விக்குக்கூட யாரிடமும் விடை இல்லை. முந்தைய அத்தியாயங்களில் கண்ட மலேரியாக் காய்ச்சல் சிகிச்சை, இன்சுலின் மயக்கம், மின்னதிர்ச்சி, மூளையின் முன்மடல் அறுவை ஆகிய எல்லாமே மூளையைக் குறிவைத்தவை. ஆனால் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்து செய்தவை அல்ல. அந்த இருட்டில் முதல் வெளிச்சத்தைக் கொண்டுவந்தவற்றுள் பீகார்க் கடைத்தெருவின் இந்தக் கசப்பு வேருக்குத் தலையாய இடம் உண்டு. உலக மருத்துவ வரலாற்று நூல்கள் இதை ஓரிரு வரிகளில் கடந்துபோவது நியாயமே அல்ல.

1931-இல் இரண்டு ஊர்களில் இரண்டு வேலைகள் நடந்தன. டெல்லியின் ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரியில் வேதியியலர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி, ரஃபத் ஹுசைன் சித்திக்கியுடன் சேர்ந்து சர்ப்பகந்தா வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். நாட்டு மருந்துகளை நவீன வேதியியல் கொண்டு ஆராயவேண்டும் என்று கனவு கண்டு அந்த ஆய்வுக்கூடத்துக்கு வித்திட்டவர் ஹக்கீம் அஜ்மல் கான். யுனானி மருத்துவர், 1921-இல் அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அவர் 1927-இல் காலமானார். சித்திக்கி தாம் கண்ட பொருள்களுக்கு அஜ்மலின், அஜ்மலிசின் என்று பெயரிட்டு அவரை அறிவியலில் நிலைக்கச் செய்தார். அஜ்மலின் இன்றும் இதயத் துடிப்புக் கோளாறுகளைக் கண்டறியப் பயன்படுகிறது.

அதே ஆண்டு கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சர்ப்பகந்தா மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் உரிய புதிய இந்திய மருந்து என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். வேர்த்தூளை இருபது முதல் முப்பது கிரெயின் எடை, அதாவது இரண்டு கிராமை ஒட்டிய அளவு, நாளுக்கு இருவேளை கொடுத்தால் தூக்கம் வருகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, வெறித்தன்மை அடங்குகிறது என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. மனநோயைத் தணிக்கும் மருந்து ஒன்று இருக்கிறது என்று மேலை மருத்துவத்தின் மொழியில் அச்சேறிய தெளிவான அறிக்கை இது. ஐரோப்பாவின் முதல் மனநோய் மருந்து வெளிவர இன்னும் 21 ஆண்டுகள் இருந்தன. கல்கத்தாவின் மருத்துவ இதழைப் பாரிசிலோ நியூயார்க்கிலோ புரட்டிப் பார்ப்பவர் இல்லை. அறிவியல் உண்மை ஒன்று உலகை எட்டுவதற்கு அது உண்மையாக இருப்பது மட்டும் போதவில்லை.

கல்கத்தாவிலேயே வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இருந்த ராம்நாத் சோப்ரா குழுவினர் 1933-இல் இந்த வேரின் சாற்றை விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்து, அழுத்தம் குறைவதையும் உடல் சோம்பிப்போவதையும் உறுதிசெய்தார்கள். 1943-இல் ஜே. சி. குப்தாவும் உடன் பணிபுரிந்தவர்களும் மனநோயாளிகளிடம் செய்த சோதனையின் முதற்கட்ட முடிவுகளை எழுதினார்கள். இந்த ஆய்வுகளில் ஒரு புதிர் தலைகாட்டியது. சித்திக்கி பிரித்த தூய படிகங்கள் எவையும் உறக்கத்தைத் தரவில்லை. படிகங்களை எடுத்த பிறகு மிஞ்சும் பழுப்புநிறப் பிசினில்தான் அந்தக் குணம் தங்கியிருந்தது. கழிவு என்று ஒதுக்கத்தக்க அந்தப் பிசினுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தேவையான பணமும் கருவிகளும் பின்னர் வேறொரு நாட்டில் கிடைத்தன.

ரத்த அழுத்தத்துக்கு இந்த வேரிலிருந்து செய்த செர்ப்பினா மாத்திரையை ஹிமாலயா நிறுவனம் 1934-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. பம்பாயின் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தார். 50 நோயாளிகளிடம் கண்ட பலன்களைத் தொகுத்து 1949-இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் எழுதினார். சென், போஸ் கட்டுரைக்குக் கிடைக்காத வாசகர்கள் இதற்குக் கிடைத்தார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ராபர்ட் வில்கின்ஸ் வேரை வரவழைத்துச் சோதித்தார். ரத்த அழுத்தத்துக்காக மருந்து உண்டவர்கள், அழுத்தம் குறைந்ததோடு மனத்திலும் ஒரு நிம்மதி வந்துவிட்டதாகச் சொன்னதை அவர் கவனித்துப் பதிந்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தின் வேதியியலர்கள் முல்லர், ஷ்லிட்லர், மருந்தியலர் பைன் ஆகிய மூவரும் அந்தப் பழுப்புப் பிசினைக் கையிலெடுத்து, 1952-இல் அதற்குள்ளிருந்து ஒரு வெண்படிகத்தைப் பிரித்தார்கள். அதற்கு ரெசர்பின் என்று பெயர் வைத்தார்கள். ஒரு கிலோ உலர்ந்த வேரில் அது ஏறத்தாழ ஒரு கிராம்தான் இருக்கும். ஆனால் கால் மில்லிகிராமே ரத்த அழுத்தத்தைக் குறைக்கப் போதும். 1956-இல் ஹார்வர்டில் ராபர்ட் உட்வர்ட் இந்த மூலக்கூறை ஆய்வுக்கூடத்தில் முழுமையாகக் கட்டியெழுப்பினார். கரிம வேதியியல் மாணவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கும் சாதனை அது.

இனி மனநல மருத்துவமனைக்குள் போகலாம். 1955-இல் அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள் 5,58,000 பேருக்கும் மேல். வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. நியூயார்க் நகருக்கு வடக்கே ஆரஞ்ச்பர்க்கில் இருந்த ராக்லண்ட் அரசு மருத்துவமனை அப்படிப்பட்டவற்றுள் மிகப் பெரிய ஒன்று. ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்துக் கிடந்த கூடங்கள், கட்டிப்போடும் பட்டைகள், ஓயாத கூச்சல். அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்தவர் நேதன் க்ளைன். அகமதாபாத் மருத்துவர் ஆர். ஏ. ஹக்கீம், சர்ப்பகந்தா கலந்த மருந்தால் மனச்சிதைவு நோயாளிகளைக் குணப்படுத்தியது பற்றிய கட்டுரைக்குப் பரிசு பெற்ற செய்தி 1953-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வந்து, க்ளைனின் கண்ணில் பட்டது. அமெரிக்க உளமருத்துவத்தில் அப்போது ஃப்ராய்டின் வழிவந்த உளப்பகுப்பாய்வே கோலோச்சியது. குழந்தைப் பருவத்தின் முரண்களைப் பேசித் தீர்க்கவேண்டிய நோயை மாத்திரை தீர்க்கும் என்று சொல்பவரை ஏளனமாகப் பார்த்த காலம். க்ளைன் துணிந்து ரெசர்பினைக் கொடுத்துப் பார்த்தார்.

மருந்து உடனே வேலை செய்யவில்லை. முதல் சில நாள்கள் நோயாளி அசதியாகக் கிடப்பார். அதன்பின் சில வாரம் முன்பைவிட அமைதியிழந்து, தன்மேல் தனக்கே பிடியில்லாதவர்போலத் தவிப்பார். இந்தக் கட்டத்தில் பயந்து மருந்தை நிறுத்திய மருத்துவர்கள் பலர். பொறுத்திருந்தால் மூன்றாம் கட்டம் வரும். கூச்சல் அடங்கி, சுற்றியிருப்பவர்களை இனங்கண்டு பேசத் தொடங்குவார். எல்லாருக்கும் இது நடந்துவிடவில்லை. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக எதற்கும் அசையாதவர்கள் சிலருக்கு நடந்தது. மாற்றத்தை வெளியிலிருந்து உறுதிசெய்தவர் மருத்துவமனையில் உடைந்த சன்னல் கண்ணாடிகளை மாற்றும் தொழிலாளி. சில கூடங்களில் மட்டும் தமக்கு வேலை குறைந்துவிட்டதே, என்ன காரணம் என்று அவர் கேட்டாராம். எந்தெந்தக் கூடங்கள் என்று பார்த்தால், ரெசர்பின் கொடுக்கப்பட்டவை. க்ளைன் பின்னாளில் இந்தச் செய்தியை விரும்பிச் சொல்வார். அவரது முதல் அறிக்கை 1954-இல் வந்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவின் மொடஸ்டோ மருத்துவமனையிலிருந்து ராபர்ட் நோஸும் இதே போன்ற பலனை அறிவித்தார்.

பாரிசில் இதற்குச் சற்று முன் வேறொரு வழியில் இன்னொரு மருந்து வந்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியைத் தளரவைக்க ஹென்றி லபோரி தேடிப்பிடித்த குளோர்ப்ரோமசினை, 1952-இல் சென்ட் ஆன் மருத்துவமனையின் ழான் டிலே, பியேர் டெனிக்கேர் இருவரும் மனநோய்க்குக் கொடுத்து வெற்றி கண்டார்கள். அது விரைவாக வேலை செய்தது, அளவைக் கூட்டிக் குறைப்பதும் எளிது. 1957-இல் லாஸ்கர் விருது இந்த இரு மருந்துகளின் முன்னோடிகளுக்கும் சேர்ந்தே கிடைத்தது. லபோரி, டெனிக்கேர், க்ளைன், நோஸ் ஆகியோருடன் பம்பாயின் வக்கீலும் அந்தப் பட்டியலில் இருந்தார். கணநாத் சென்னும் கார்த்திக் போசும் இல்லை.

மருத்துவமனைகள் காலியாகத் தொடங்கின. 1980 வாக்கில் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள் 1,40,000 பேருக்கும் கீழ். இதை மருந்தின் வெற்றி என்று மட்டும் எழுதிவிடுவது தவறு. 1963-இன் சமூக மனநலச் சட்டம், அரசுகளின் செலவுக் கணக்கு, நோயாளியின் உரிமைக்கான வழக்குகள் எல்லாம் சேர்ந்து கதவைத் திறந்தன. வெளியே வந்தவர்களைத் தாங்க வேண்டிய ஊர்ப்புற மையங்கள் போதிய அளவு கட்டப்படவே இல்லை. ஆகவே விடுதலை பெற்றவர்களில் பலர் தெருவுக்கும் சிறைக்கும் போய்ச்சேர்ந்தார்கள். மூளையின் வேதியியலைச் சரிசெய்தால் போதும், வீடும் வேலையும் உறவும் தாமாக வந்துவிடும் என்று நம்பியதன் விலையை நோயாளிகள் கொடுத்தார்கள்.

ரெசர்பின் நோயாளிகளுக்குத் தந்ததைவிட மூளை அறிவியலுக்குத் தந்தது அதிகம். அது எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியை வாஷிங்டனை அடுத்த பெதஸ்டாவில் தேசிய நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த பெர்னார்ட் பிராடி எடுத்துக்கொண்டார். செரோட்டோனின் என்ற பொருள் 1948-இல் ரத்தத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 1953-இல் பெட்டி ட்வரோக் என்ற இளம் ஆய்வாளரால் மூளையிலும் காணப்பட்டிருந்தது. ஆனால் கடுகளவு திசுவில் இருக்கும் மிக நுண்ணிய அளவை அளப்பது எப்படி? பிராடியின் வளாகத்திலேயே ராபர்ட் பௌமன் ஒரு கருவியை வடிவமைத்திருந்தார். ஒரு பொருளின்மீது குறிப்பிட்ட அலைநீள ஒளியைப் பாய்ச்சி, அது திருப்பி உமிழும் ஒளியின் அளவைக்கொண்டு பொருளின் அளவைச் சொல்லும் கருவி. 1955-இல் பிராடி, பார்க்ஹர்ஸ்ட் ஷோர், சுவிஸ் விருந்தாளி ஆல்ஃபிரட் பிளெச்சர் மூவரும் ரெசர்பின் செலுத்திய விலங்குகளின் திசுக்களை அதில் வைத்துப் பார்த்தார்கள். செரோட்டோனின் வடிந்துபோயிருந்தது. நடத்தையை மாற்றும் மருந்து ஒன்று, மூளையில் உள்ள குறிப்பிட்ட வேதிப்பொருள் ஒன்றை மாற்றுகிறது என்று அளந்து காட்டிய நாள் அது. உயிரியல் வழியில் மனநோயை விளக்கும் முயற்சி ஊகத்திலிருந்து ஆய்வுக்கூட மேசைக்கு வந்தது இங்கேதான்.

அதே ஆண்டு பிராடியிடம் சில மாதம் பயிற்சிக்கு வந்திருந்தார் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன். ரெசர்பின் செரோட்டோனினை மட்டும்தான் காலிசெய்கிறதா, நோர்அட்ரினலின் வகைப் பொருள்களையும் பார்க்க வேண்டாமா என்று அவர் கேட்டார். பிராடிக்கு அதில் ஆர்வமில்லை. கார்ல்சன் ஊர் திரும்பி நீல்ஸ்-ஓகே ஹில்லார்ப்புடன் சேர்ந்து அதைச் செய்தார். சந்தேகம் சரியாக இருந்தது, நோர்அட்ரினலினும் வடிந்திருந்தது. எடின்பரோவில் மார்த்தா வோக்ட்டும் தனியே இதே முடிவுக்கு வந்தார்.

அப்படியானால் விலங்கு அசைவற்றுப்போவது எந்தப் பொருள் இல்லாததால்? 1957-இல் கார்ல்சன், மார்கிட் லிண்ட்க்விஸ்ட், தோர் மாக்னுசன் மூவரும் செய்த சோதனை மிக எளியது. முயல்களுக்கு ரெசர்பின் ஊசி போட்டார்கள். சில மணிநேரத்தில் அவை தரையோடு தரையாகக் குந்தி, காதுகள் தளர்ந்து சாய்ந்து, தொட்டாலும் நகராத நிலைக்கு வந்தன. பிறகு அவற்றுள் சிலவற்றுக்குச் செரோட்டோனினின் மூலப்பொருளைக் கொடுத்தார்கள். மாற்றமில்லை. மற்றவற்றுக்கு டோபா என்ற பொருளை ரத்தக்குழாயில் செலுத்தினார்கள். டோபாவிலிருந்துதான் உடல் டோபமினையும் அதிலிருந்து நோர்அட்ரினலினையும் செய்துகொள்கிறது. கால் மணிநேரத்துக்குள் முயல்கள் எழுந்தன. காதுகள் நிமிர்ந்தன. சுற்றிலும் பார்த்து நடமாடத் தொடங்கின. தளர்ந்த காதுகளோடு ஒன்று, நிமிர்ந்த காதுகளோடு ஒன்று என்று அவர்கள் எடுத்த புகைப்படங்கள் நரம்பியல் வரலாற்றின் புகழ்பெற்ற படங்களுள் அடங்கும்.

உயிர்பெற்ற முயல்களின் மூளையை அளந்தபோது இன்னொரு வியப்பு காத்திருந்தது. நோர்அட்ரினலின் அளவு உயரவே இல்லை. உயர்ந்திருந்தது டோபமின். நோர்அட்ரினலின் உருவாகும் வழியில் ஓர் இடைப்பொருள், அதற்குமேல் ஒன்றுமில்லை என்று அதுவரை ஒதுக்கப்பட்டிருந்த டோபமினே நரம்பணுக்களுக்கிடையே செய்தி சொல்லும் தூதுப்பொருள் என்று கார்ல்சன் வாதிட்டார். 1960-இல் லண்டனில் நடந்த கருத்தரங்கில் ஹென்றி டேல், ஜான் காடம் முதலிய பெரியவர்கள் இதை ஏற்கவில்லை. மூளையில் நரம்பணுக்கள் மின்சாரத்தால் பேசிக்கொள்கின்றனவா, வேதிப்பொருளால் பேசிக்கொள்கின்றனவா என்ற வழக்கே அப்போது முற்றாகத் தீர்ந்திருக்கவில்லை. 40 ஆண்டுகள் கழித்து, 2000-இல், கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ரெசர்பின் செய்யும் வேலை இன்று துல்லியமாகத் தெரியும். நரம்பணுவின் நுனியில் தூதுப்பொருள்களைச் சேமித்துவைக்கும் நுண்பைகள் இருக்கின்றன. அந்தப் பையின் சுவரில் உள்ள ஒரு புரதம் தூதுப்பொருளை உள்ளே இறைத்துச் சேர்க்கிறது. ரெசர்பின் அந்தப் புரதத்தை இறுகப் பற்றி முடக்கிவிடுகிறது. பத்தாயத்தின் வாயை அடைத்துவிட்டால் வெளியே கொட்டிக்கிடக்கும் நெல்லைப் பூச்சியும் எலியும் தின்று தீர்ப்பதுபோல, பைக்குள் போகமுடியாத செரோட்டோனினையும் டோபமினையும் நோர்அட்ரினலினையும் நரம்பணுவுக்குள்ளேயே இருக்கும் மோனோஅமின் ஆக்சிடேஸ் என்ற நொதி சிதைத்துவிடுகிறது. புதிய பைகள் உருவாகி வரும்வரை, அதாவது பல நாள்கள்வரை, இருப்பு நிரம்பாது. மருந்தை நிறுத்தினாலும் விளைவு உடனே அகலாதது இதனால்தான்.

முயல்களின் நிலையைப் பார்த்தவர்களுக்கு ஒரு நோய் நினைவுக்கு வந்தது. ரெசர்பினை அதிகம் உண்ட நோயாளிகளும் கைநடுக்கம், விறைத்த நடை, உணர்ச்சியற்ற முகம் எனப் பார்க்கின்சன் நோயாளிகளைப்போலவே ஆனார்கள். லுண்டில் பெர்ட்லர், ரோசென்கிரென் இருவரும் 1959-இல் மூளையின் டோபமினில் பெரும்பங்கு, அசைவைக் கட்டுப்படுத்தும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் குவிந்திருப்பதைக் காட்டினார்கள். வியன்னாவில் ஓலே ஹோர்னிக்கிவிச், இதைப் படித்ததும் செய்யவேண்டியது என்னவென்று உணர்ந்தார். பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளைகளைச் சேகரித்து, எர்ரிங்கருடன் சேர்ந்து அளந்தார். 1960-இல் வெளியான முடிவு ஐயத்துக்கு இடமில்லாதது: அந்தப் பகுதியில் டோபமின் பெருமளவு குறைந்திருந்தது. மறு ஆண்டே வால்ட்டர் பிர்க்மாயருடன் சேர்ந்து நோயாளிகளுக்கு எல்-டோபா செலுத்தினார். படுக்கையிலிருந்து எழமுடியாதவர்கள் எழுந்து நடந்தார்கள், சில மணிநேரமே ஆனாலும். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கொட்சியாஸ் அதிக அளவில் வாய்வழியே கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். இன்றும் பார்க்கின்சன் சிகிச்சையின் அச்சாணி அதுதான்.

இங்கிருந்துதான் கதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை உறுதியான நிலத்தில் போயிற்று. மற்றது அப்படியல்ல.

ரத்த அழுத்தத்துக்கு ரெசர்பின் உண்டவர்களில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்ததாக எட்வர்ட் ஃப்ரைஸ் 1954-இல் அறிவித்தார். காசநோய் மருந்தாக வந்த இப்ரோனியசிட் நேர்மாறானது. நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் அதை உண்ட காசநோயாளிகள் 1952-இல் உற்சாகம் மிகுந்து காணப்பட்டார்கள். தூதுப்பொருள்களைச் சிதைக்கும் அதே நொதியை இப்ரோனியசிட் தடுக்கிறது என்று எர்ன்ஸ்ட் ஆல்பர்ட் ஸெல்லர் கண்டறிந்தார். முதலில் இப்ரோனியசிட்டும் பிறகு ரெசர்பினும் கொடுத்தால் விலங்கு சோம்பிப்போகாமல் துள்ளித் திரிந்தது. சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கனில் ரோலண்ட் கூன் 1957-இல் மனச்சோர்வு மருந்தாக அறிவித்த இமிப்ரமின், நோர்அட்ரினலினை நரம்பணு திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கிறது என்று ஜூலியஸ் ஆக்சல்ராட் காட்டினார். குறைக்கும் மருந்து சோர்வைத் தருகிறது, கூட்டும் மருந்து சோர்வைத் தீர்க்கிறது. ஆகவே சோர்வு என்பதே இந்தப் பொருள்களின் குறைவு. ஜோசப் ஷில்ட்க்ராட் 1965-இல் நோர்அட்ரினலினை முன்னிறுத்தி இந்தக் கோட்பாட்டை முறையாக எழுதினார். பிரிட்டனில் அலெக் காப்பன் செரோட்டோனினை முன்னிறுத்தினார். மூளையில் ரசாயனச் சமநிலை கெட்டுவிட்டது என்று பின்னாளில் மருந்து விளம்பரங்களும் மருத்துவர்களும் சாதாரணமாகச் சொன்ன வாக்கியத்தின் பிறப்பிடம் இது.

கோட்பாடு அழகானது. அதைத் தாங்கிய சான்று அத்தனை வலுவானதாக இல்லை. லண்டனில் டேவிஸ், மைக்கேல் ஷெப்பர்ட் இருவரும் 1955-லேயே பதற்றமும் சோர்வும் உள்ள நோயாளிகளுக்கு ரெசர்பினையும் வெற்று மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்டிருந்தார்கள். ரெசர்பின் உண்டவர்களே மேலும் தேறினார்கள். உளமருத்துவத்தில் சீட்டுக்குலுக்கி முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்திய மிக ஆரம்பகாலச் சோதனைகளுள் ஒன்றான அது, கோட்பாட்டை எழுதியவர்களால் கவனிக்கப்படாமலே போனது. 1970-களின் தொடக்கத்தில் குட்வினும் பன்னியும் பழைய பதிவுகளை மறுபடி புரட்டியபோது, ரெசர்பின் சோர்வு எனப்பட்டவற்றுள் பெரும்பகுதி மருந்தின் அசதியே என்றும், உண்மையான மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் சிலரே, அவர்களிலும் பெரும்பாலோருக்கு அது முன்பே இருந்தது என்றும் தெரியவந்தது. மேலும் இமிப்ரமின் போன்றவை நரம்பு நுனியில் தூதுப்பொருளைச் சில மணிநேரத்தில் கூட்டிவிடுகின்றன. மனச்சோர்வு நீங்கவோ வாரக்கணக்கில் ஆகிறது. குறைவுதான் நோய் என்றால் இந்த இடைவெளிக்கு விளக்கம் இல்லை.

மருந்து செய்யும் வேலையிலிருந்து நோயின் காரணத்தை ஊகிப்பது இரு கிளைகளுக்கும் பொதுவான முறை. பார்க்கின்சனில் அந்த ஊகம் வென்றதற்குக் காரணம், ஹோர்னிக்கிவிச் ஊகத்தோடு நிற்காமல் இறந்தவர்களின் மூளையைத் திறந்து அளந்தார் என்பதே. மனச்சோர்வில் அப்படி மூளையில் தேடியவர்களுக்கும், முதுகுத்தண்டு நீரிலும் சிறுநீரிலும் தேடியவர்களுக்கும் உறுதியான, எல்லாரிடமும் மாறாத குறைவு எதுவும் அகப்படவில்லை. மருந்துகள் பலருக்கு உதவுகின்றன என்பது மெய். அந்த உதவி, நோயின் காரணம் தெரிந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது. இந்த வேறுபாட்டை நோயாளிகளிடம் மறைக்காமல் சொல்லியிருக்க வேண்டும். பல பத்தாண்டுகள் சொல்லப்படவில்லை.

மனச்சிதைவு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கார்ல்சனும் லிண்ட்க்விஸ்ட்டும் 1963-இல் குளோர்ப்ரோமசின், ஹலோபெரிடால் ஆகியவை தூதுப்பொருளின் இருப்பைக் காலிசெய்வதில்லை, அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பியை அடைக்கின்றன என்று ஊகித்தார்கள். 1970-களின் நடுவில் டொராண்டோவில் பிலிப் சீமனும் பால்டிமோரில் சாலமன் ஸ்னைடர் குழுவும் இதை அளந்து நிறுவினார்கள். டோபமின் ஏற்பியை ஒரு மருந்து எவ்வளவு இறுகப் பற்றுகிறதோ அவ்வளவு குறைந்த அளவே நோயாளிக்குப் போதுமாக இருந்தது. ரெசர்பின் டோபமினின் இருப்பைக் குறைத்து அடைந்ததை இவை ஏற்பியை அடைத்து அடைந்தன. டோபமினின் மிகையாட்டம் மனச்சிதைவில் உண்டு என்பதற்குப் பின்னாளில் மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகளும் ஆதரவு தந்தன. ஆனாலும் பேச்சற்றுப்போதல், ஆர்வமிழத்தல், சிந்தனைத் தடுமாற்றம் ஆகியவற்றை இந்த மருந்துகள் அதிகம் தொடுவதில்லை. டோபமின் மட்டுமே கதை முழுவதையும் சொல்லிவிடாது.

ரெசர்பின் மனநல மருத்துவமனைகளிலிருந்து 1960-களிலேயே மறையத் தொடங்கியது. மூக்கடைப்பு, மெதுவான நாடி, வயிற்றுப்புண், நடுக்கம், தாமதமான பலன் ஆகிய குறைகளோடு அது குளோர்ப்ரோமசினோடு போட்டியிட முடியவில்லை. ரத்த அழுத்தத்தில் அதற்கு இன்னொரு பெருமை காத்திருந்தது. ரெசர்பின் சோர்வைப் பற்றி முதலில் எச்சரித்த அதே ஃப்ரைஸ், அதையும் வேறிரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்து 1967-இல் வெளியிட்ட ஆய்வுதான், கடுமையான உயர் ரத்த அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்கும் என்பதை முதன்முதலாக ஐயமற நிறுவியது. மலிவு என்பதால் குறைந்த அளவில் அது நெடுங்காலம் ஏழை நாடுகளில் வழங்கிவந்தது.

இந்த வெற்றிகளின் சுமை செடியின்மேல் விழுந்தது. வேரை எடுக்கச் செடியையே பிடுங்கவேண்டும். 1950-களில் வேரைத் தேடி வணிகர்கள் காடுகளைச் சூறையாடினார்கள். இந்தியா வேர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. மருந்து நிறுவனங்கள் ஆப்பிரிக்காவில் வளரும் அதன் உறவுச் செடியை நாடின. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சர்ப்பகந்தா இன்று இடம்பெற்றிருக்கிறது.

ரெசர்பின் முடக்கிய நுண்பைப் புரதத்தின் மரபணு 1990-களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. அதே புரதத்தைக் குறுகிய காலம் மட்டும் பிடித்து விட்டுவிடும் டெட்ராபெனசின் 1950-களிலேயே உருவானது. அமெரிக்காவில் 2008-இல், ஹன்டிங்டன் நோயாளிகளின் கட்டுக்கடங்காத உடல் உதறலுக்காக அனுமதி பெற்றது. அதன் வழிவந்த வால்பெனசின் 2017-இல் அனுமதி பெற்றது, மனச்சிதைவு மருந்துகளை ஆண்டுக்கணக்கில் உண்டவர்களுக்கு நாக்கும் வாயும் தாமாக அசையும் கோளாறுக்காக.